இது நம்ம வீட்டு ஆட்டுக்கல் இல்லையே: ப்யூர் டேட்டாவில் கோப்புப் பாதை தேடிய அனுபவம்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீடு. முன்னோரை வணங்கும் படைப்புக்கு மட்டும் வீட்டார் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாட்களில் ஆச்சியும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும்தான். பேரப்பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளர்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த வீட்டில் என்னென்ன சத்தம் கேட்டது என்பதைப் பிள்ளைகள் நடந்துபோகும்போதே கேட்க வேண்டும் என்று ஆச்சியின் மூத்த பேரன் ஆசைப்பட்டார். காரைக்குடியில் ஒலிப்பதிவு வேலை செய்யும் என்னிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

முகப்பில் கோயில் மணியும் கொட்டான் (ஓலைக்கூடை) முடையும் ஓலைச் சரசரப்பும். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் மழை, ஓட்டுச் சரிவில் இறங்கி முற்றத்தில் விழுவது. இரண்டாங்கட்டில் பித்தளைப் பாத்திரங்கள், பல்லாங்குழி. மூன்றாங்கட்டில் அம்மி, ஆட்டுக்கல், உலக்கை. தரைக்கல்லுக்காக ஆத்தங்குடிக்கும் ஒரு நாள் போய் வந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும் நொடியில் ஈரமான ஒரு சின்னச் சத்தம் வரும். அதற்காகவே அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

மொத்தம் 23 ஒலிகள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று, எட்டு வெளியீடு உள்ள யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று, தூண் மறைவில் எட்டுச் சிறு ஒலிபெருக்கிகள். எல்லாவற்றையும் இயக்குவது ப்யூர் டேட்டா. 1990களில் மில்லர் பக்கெட் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. வரியாக நிரல் எழுதாமல், திரையில் பெட்டிகளை வைத்துக் கம்பி இழுத்து இணைக்கிறோம். அப்படி இணைத்துச் சேமித்ததுதான் பேட்ச். இந்தப் பதிவு ஒலிப்பதிவைப் பற்றியது அல்ல. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று போகும்போது, உள்ளே இருப்பவர் ஒரு கோப்பைக் கேட்டால் அது எந்த அடைவில் (ஃபோல்டரில்) தேடப்படுகிறது என்பதைப் பற்றியது. மூன்று நாள் இதில் போனது. இதே இடத்தில் மாட்டுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கோப்புப் பெயர்களைப் படிக்க எளிதாகத் தமிழிலேயே தருகிறேன். கணினியில் இருப்பவை ஆங்கில எழுத்தில்.

முதலில் அமைப்பு. ப்யூர் டேட்டாவில் ஒரு வேலையை உறைபோட்டு வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று சப்பேட்ச்: அதே கோப்புக்குள் ஒரு தனிச் சாளரம், அவ்வளவுதான். இன்னொன்று அப்ஸ்ட்ராக்‌ஷன்: தனிக் கோப்பு. அந்தக் கோப்பின் பெயரைப் பெட்டியில் எழுதினால் அது ஒரு புதுப் பெட்டியாகவே வந்து நிற்கும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் வைக்கலாம். என்னிடம் மூன்று அடுக்கு. வெளியே ‘வீடு’. அதற்குள் ‘கட்டு’, நான்கு பிரதி. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஐந்தாறு ‘ஒலிப்பான்’. ஒலிப்பானின் வேலை எளிது: கொடுத்த வேவ் கோப்பைத் தொடக்கத்திலேயே சவுண்ட்ஃபைலர் பெட்டியால் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், சொல்லும்போது மெல்ல எழுப்பி, இசைத்து, மெல்ல அடக்கும். எந்த ஒலிப்பானுக்கு எந்தக் கோப்பு என்ற பட்டியல் ஒரு உரைக்கோப்பில் இருக்கிறது. அதை ‘வீடு’ படித்துக் கீழே அனுப்பும். பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

மூன்றாங்கட்டு 2 ஒலி/மூன்றாங்கட்டு/ஆட்டுக்கல்.வேவ்

சென்ற ஆண்டு காரைக்குடியில் என் வீட்டில் இதன் சோதனை வடிவத்தைச் செய்து பார்த்திருந்தேன். அப்போது மூன்று பேட்ச் கோப்புகளும் ஒரே அடைவில், பக்கத்திலேயே ‘ஒலி’ என்ற அடைவு. எல்லாம் ஓடியது. இந்த முறை அந்த அடைவையே நகலெடுத்து வேலையைத் தொடங்கினேன். 23 ஒலிகளில் நான்கை மட்டும் ஆச்சி வீட்டிலேயே புதிதாகப் பதிவு செய்து, பழைய பெயரிலேயே மேலெழுதி வைத்தேன். ஆட்டுக்கல் அதில் ஒன்று. பழைய சோதனையில் இருந்தது என் சித்தி வீட்டு ஆட்டுக்கல்.

அப்புறம் ஒரு மாலை, அடைவைச் சீர்படுத்தினேன். இப்படி ஆனது:

வீடு.பிடி
பட்டியல்.டெக்ஸ்ட்
கட்டு/கட்டு.பிடி
கட்டு/ஒலிப்பான்/ஒலிப்பான்.பிடி
ஒலி/ (நான்கு கட்டுக்கும் நான்கு உள்ளடைவு)

‘வீடு’ பேட்சில் பெட்டியின் பெயரை ‘கட்டு/கட்டு’ என்று மாற்றினேன். ‘கட்டு’ பேட்சில் ‘ஒலிப்பான்/ஒலிப்பான்’ என்று மாற்றினேன். திறந்து பார்த்தேன், எந்தப் பெட்டியும் கோடுகோடான விளிம்போடு நிற்கவில்லை. ப்யூர் டேட்டாவில் ஒரு பெட்டி கிடைக்கவில்லை என்றால் அதன் விளிம்பு விட்டுவிட்டுத் தெரியும். அப்படி எதுவும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை, ஒலியும் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

ஆச்சி வளவில் தூணோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மழைக்குத் தலையை ஆட்டினார். ஓலைச் சத்தத்துக்குச் சிரித்தார். ஆட்டுக்கல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இது நம்ம வீட்டு ஆட்டுக்கல் இல்லையே.”

“இல்லைங்க ஆச்சி, போன வாரம் இங்கதான பதிவு பண்ணினேன். அண்ணன் கூட பக்கத்துல இருந்தாங்களே.”

“அது எனக்குத் தெரியும். ஆனா இது நம்மது இல்ல. நம்ம குழவியில ஒரு பக்கம் செதில் போயிருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக்குன்னு கேக்கும். இதுல அது எங்க?”

உண்மை. அந்த ‘டக்’ இல்லை. பதிவு செய்த அன்று காதுக்கருவியில் அதைத் தெளிவாகக் கேட்டிருந்தேன். அது நன்றாக விழ வேண்டும் என்று மைக்கைக் கூட நகர்த்தி வைத்தேன்.

என் முதல் சந்தேகம் வேறு பக்கம் போனது. ப்யூர் டேட்டா வேவ் கோப்பின் மாதிரி வேகத்தை (நொடிக்கு எத்தனை மாதிரி என்பதை) தானாக மாற்றிக்கொள்ளாது. 48000-இல் பதிந்ததை 44100-இல் ஓடும் பேட்சில் இசைத்தால் ஏறத்தாழ 8 சதவீதம் மெதுவாக, தாழ்ந்த சுருதியில் கேட்கும். அப்படிக் கேட்டால் ஒரு கல் வேறு கல் மாதிரி தோன்றத்தான் செய்யும். பார்த்தேன், இரண்டும் 48000. ‘ஒலி’ அடைவுக்குள் போய் அந்தக் கோப்பை நேராகத் திறந்து கேட்டேன். ‘டக்’ இருக்கிறது. அப்படியென்றால் கோப்பு சரி, ஒலிப்பான் சரி. ஒலிப்பான் திறப்பது மட்டும் இந்தக் கோப்பை அல்ல.

இந்த இடத்தில் உதவியது வெர்போஸ். தேடுபாதை என்பது ப்யூர் டேட்டா கூடுதலாகத் தேடிப்பார்க்க வேண்டிய அடைவுகளின் பட்டியல். அதன் அமைப்புச் சாளரத்திலேயே வெர்போஸுக்கு ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. தொடங்கும்போது கட்டளையிலும் கொடுக்கலாம். அதை இயக்கினால், ஒரு கோப்பைத் தேடி எந்தெந்த முழுப் பாதையில் முயன்றது, எங்கே கிடைக்கவில்லை, எங்கே கிடைத்தது என்பதை வரிவரியாக அச்சிடும். ஏராளமான வரிகள் வரும். பொறுமையாகப் படிக்க வேண்டும். எனக்கு வேண்டிய வரிகளில் இதுதான் இருந்தது. முதல் முயற்சி:

வீடு/கட்டு/ஒலிப்பான்/ஒலி/மூன்றாங்கட்டு/ஆட்டுக்கல்.வேவ் – கிடைக்கவில்லை.

அப்புறம்:

சோதனை/ஒலி/மூன்றாங்கட்டு/ஆட்டுக்கல்.வேவ் – கிடைத்தது.

‘சோதனை’ என்பது சென்ற ஆண்டு அடைவு. அப்போது எதற்கோ அதைத் தேடுபாதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, எடுக்காமல் விட்டிருக்கிறேன். ஆக, அடைவைச் சீர்படுத்திய மாலையிலிருந்து 23 ஒலிகளும் பழைய அடைவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. 19 கோப்புகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் வித்தியாசம் இல்லை. மீதி நான்கில் ஒன்றை ஆச்சியின் காது பிடித்தது. அவர் சொல்லாவிட்டால் படைப்பு அன்று ராஸ்பெர்ரி பையில் வீடு முழுக்க மௌனமாக இருந்திருக்கும். அதில் அந்தத் தேடுபாதை கிடையாது.

தேடுபாதையிலிருந்து அந்த வரியை நீக்கினேன். 23 ஒலிகளும் நின்றன. ப்யூர் டேட்டா சாளரத்தில் 23 பிழை வரிகள். எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. தவறான இடத்திலிருந்து வரும் சத்தத்தை விட மௌனம் மேல். எங்கே பார்ப்பது என்றாவது தெரிகிறது. இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்: தேடுபாதைப் பட்டியலைக் காலியாக்கிவிட்டுத் திட்டத்தை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

சரி, ஏன் கிடைக்கவில்லை? ப்யூர் டேட்டாவின் விதி இது. ஒரு பெட்டி கோப்பைக் கேட்டால், அந்தப் பெட்டி எந்தப் பேட்ச் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து தேடல் நடக்கும். சப்பேட்ச் என்றால் அதற்குத் தனி அடைவு இல்லை. வெளியே உள்ள கோப்பின் அடைவுதான் அதற்கும். அப்ஸ்ட்ராக்‌ஷன் என்றால் அதன் சொந்த அடைவு. யார் அதைக் கூப்பிட்டார்கள் என்பது கணக்கில் வராது. அதனால்தான் ‘கட்டு’ பேட்சுக்குள் ‘ஒலிப்பான்/ஒலிப்பான்’ என்று எழுதியது சரியாகக் கிடைத்தது. அது கட்டின் அடைவிலிருந்து பார்க்கிறது. அந்த விதியேதான் ஒலிக்கோப்பில் இடித்தது. ‘ஒலி/மூன்றாங்கட்டு/ஆட்டுக்கல்.வேவ்’ என்பதை எழுதியது ‘வீடு’. வீட்டின் வாசலில் நின்று பார்த்தால் அது சரியான பாதை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு தேடப்போவது ஒலிப்பானுக்குள் இருக்கும் சவுண்ட்ஃபைலர். அது நிற்பது இரண்டு அடைவு உள்ளே. சென்ற ஆண்டு மூன்றும் ஒரே அடைவில் இருந்ததால், எழுதியவர் இடமும் தேடுபவர் இடமும் ஒன்றாகிவிட்டன. வித்தியாசம் வெளியே தெரியவே இல்லை.

அன்று மதியம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உலக்கையை இன்னொரு முறை பதிவு செய்யலாம் என்று ஆச்சியிடம் கேட்டேன். “வளவுல வலக்கைப் பக்கம் மூணாவது அறை, கதவுக்குப் பின்னால சாத்தியிருக்கும்” என்றார். நான் முகப்புப் பக்கம் இருந்து வளவுக்குள் நுழைந்து, வலக்கைப் பக்கம் மூன்றாவது கதவுக்குப் போனேன். பூட்டியிருந்தது. அது வேறொரு புள்ளியின் அறை. அந்த வீட்டில் திருமணமான ஒவ்வொரு ஆண்மகன் குடும்பமும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. சிங்கப்பூரில் இருப்பவர்களின் சாவி யாரிடம் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். “ஆச்சி வாசலப் பாத்து உக்காந்துல்ல சொன்னாங்க. அவங்களுக்கு வலக்கை, உங்களுக்கு இடக்கை, தம்பி” என்றார். எதிர்ப்புறம் மூன்றாவது கதவு திறந்துதான் இருந்தது. உலக்கை கதவுக்குப் பின்னால்.

காலையில் வெர்போஸ் வரிகளில் படித்தது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ‘வலக்கைப் பக்கம் மூணாவது’ என்ற சொல்லில் பிழை இல்லை. நான் நடந்ததிலும் பிழை இல்லை. சொன்னவர் நின்ற இடம் சொல்லோடு சேர்ந்து வரவில்லை. அவர் இடக்கையா வலக்கையா என்று நான் கணக்குப் போடுவதை விட, அவரே ‘கிழக்குப் பக்கம் மூணாவது’ என்று சொல்லியிருந்தால் யார் எங்கே நின்று கேட்டாலும் ஒரே கதவுதான்.

ஆனால் இந்தத் தெளிவு வந்த பின்பும் சுருக்கு வழிகளைத்தான் முதலில் முயன்றேன். அவை ஏன் நிற்கவில்லை என்று எழுதிவைப்பது நல்லது. பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

முதல் சுருக்கு வழி: பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் ‘../../’ சேர்ப்பது. இரண்டு புள்ளி என்றால் ஒரு அடைவு மேலே. இரண்டு முறை போட்டால் இரண்டு அடைவு மேலே. வேலை செய்தது. ஆனால் பட்டியலைப் படிப்பவர் ‘வீடு’ பேட்சின் பக்கத்தில் நின்று படிக்கிறார், அவருக்கு ‘../../ஒலி’ என்பது திட்டத்துக்கே வெளியே போகிற பாதை. ஒலிப்பான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற செய்தி, அதற்குச் சம்பந்தமே இல்லாத பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது. நாளை ஒலிப்பானை ஒரு அடைவு வெளியே எடுத்தால் 23 வரியும் உடையும்.

இரண்டாவது: முழுப் பாதையைப் பட்டியலிலேயே எழுதிவிடுவது. என் மடிக்கணினி விண்டோஸ், பை லினக்ஸ். ஒன்றில் டிரைவ் எழுத்தில் தொடங்கும், மற்றொன்றில் சாய்கோட்டில். இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பது நிச்சயம். அரை மணி நேரத்தில் கைவிட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் நயமானது, அதனால்தான் அதில் நேரம் அதிகம் போனது. ப்யூர் டேட்டாவில் பிடிகண்ட்ரோல் என்று ஒரு பெட்டி உண்டு. அதற்கு ‘டிர்’ என்ற செய்தி அனுப்பினால், தான் இருக்கும் பேட்சின் அடைவை முழுப் பாதையாகத் தரும். கூடவே ஒரு எண் கொடுத்தால், அத்தனை படி மேலே போய், தன்னைக் கூப்பிட்டவரின் அடைவைத் தரும். 1 என்றால் கூப்பிட்டவர். 2 என்றால் அவரைக் கூப்பிட்டவர். சப்பேட்ச்கள் இந்தப் படிக்கணக்கில் சேராது, அப்ஸ்ட்ராக்‌ஷன்கள் மட்டுமே. ஒலிப்பானுக்குள் இதை வைத்து 2 என்று கொடுத்தேன்: ஒலிப்பான், கட்டு, வீடு. 23 ஒலிகளும் வந்தன. ஆச்சி வீட்டு ஆட்டுக்கல் ‘டக்’ சத்தத்தோடு வந்தது.

மறுநாளே உடைந்தது. வளவின் மழைக்கு நான்கு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும்: ஓட்டில் விழுவது, சரிவில் வழிவது, முற்றத்துக் கல்லில் விழுவது, தூம்பில் ஓடுவது. அந்த நான்கு ஒலிப்பான்களையும் சேர்த்து ‘மழை’ என்று ஒரு அப்ஸ்ட்ராக்‌ஷன் ஆக்கி, கட்டுக்குள் வைத்தேன். இப்போது அந்த நான்குக்கு மட்டும் மூன்று படி, மற்றவற்றுக்கு இரண்டு. மழை நின்றுவிட்டது. எண்ணை வெளியிலிருந்து கொடுக்கலாம்தான். ஆனால் கீழே இருப்பவர் தன் தலைக்கு மேல் எத்தனை மாடி என்று எண்ணிக்கொண்டிருப்பதே தவறு என்று அப்போது முடிவுக்கு வந்தேன். ஒலிப்பானுக்கு அது யார் வீட்டில் இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் நின்ற வழி இது. பாதையை எழுதியது யாரோ, அவரே தன் இடத்தில் நின்று அதை முழுப் பாதையாக்கிக் கீழே கொடுக்க வேண்டும். பட்டியலைப் படிப்பது ‘வீடு’. எனவே பிடிகண்ட்ரோல் இருக்க வேண்டியது ‘வீடு’ பேட்சில், ஒரே ஒரு இடத்தில். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் படித்ததும், பாதைப் பகுதியை மட்டும் பிரித்து, ‘டிர் டாலர் 1’ என்ற செய்திப் பெட்டி வழியே பிடிகண்ட்ரோலுக்கு அனுப்புகிறேன். டாலர் 1 இருக்கும் இடத்தில் வந்த சொல் உட்காரும். ‘டிர்’ செய்தியோடு கோப்பின் பெயரையும் கொடுத்தால், அடைவையும் பெயரையும் சாய்கோட்டால் ஒட்டி ஒரே சொல்லாகத் தந்துவிடும். நாமே ஒட்ட வேண்டியதில்லை. அந்த முழுப் பாதை கட்டின் பெயர், எண்ணோடு சேர்ந்து கீழே போகிறது. கட்டு தன் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், எண்ணைப் பார்த்து உரிய ஒலிப்பானுக்குத் தள்ளும். பாதைக்குள் யாரும் கைவைப்பதில்லை. முழுப் பாதை வந்துவிட்டால் சவுண்ட்ஃபைலர் தன் அடைவைப் பார்ப்பதே இல்லை. நேராகப் போய்த் திறக்கிறது. ஒலிப்பான் எந்த அடைவில், எத்தனையாவது அடுக்கில் இருந்தாலும் ஒன்றுதான். ‘மழை’ மறுபடி பெய்தது.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. சவுண்ட்ஃபைலருக்குப் பாதையோடு, எந்த அரேயில் (நினைவகத்தில் ஒலி உட்காரும் அட்டவணையில்) ஏற்றுவது என்ற பெயரும் வேண்டும். 23 பிரதிகளும் மோதிக்கொள்ளாமல் இருக்க அரேயின் பெயரில் டாலர் 0 சேர்க்கிறோம். அது பிரதிக்கு ஒன்றாக மாறும் எண். ஆனால் செய்திப் பெட்டிக்குள் டாலர் 0 வேலை செய்யாது. சாதாரணப் பெட்டியில் அந்தப் பெயரை உருவாக்கி, பாதையோடு இரண்டாவது சொல்லாகச் சேர்த்து, செய்திப் பெட்டியில் டாலர் 1, டாலர் 2 என்று எடுக்க வேண்டும். நான் ஒரு மணி நேரம் இழந்த இடம் இது.

இன்னொன்று, தொடக்க வரிசை. பேட்ச் திறந்ததும் லோட்பேங் பெட்டிகள் இயங்கும். உள்ளே இருக்கும் அப்ஸ்ட்ராக்‌ஷன்களில் முதலில், வெளியே கடைசியில். என் பழைய ஒலிப்பான் தன் லோட்பேங்கிலேயே கோப்பை ஏற்றப் பார்த்தது. பாதை மேலிருந்து வர வேண்டும் என்றான பிறகு அது பொருந்தாது. அந்த நேரத்தில் ‘வீடு’ பட்டியலையே படித்திருக்காது. ஒலிப்பானின் லோட்பேங்கை எடுத்துவிட்டு, பாதை வந்து சேர்வதையே ‘ஏற்று’ என்ற கட்டளையாக்கினேன். ‘வீடு’ கடைசியாக எழுவதால் அது பேசும்போது கீழே எல்லாரும் தயாராக இருக்கிறார்கள்.

எல்லாக் கோப்பையும் மேலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒலிப்பானிடம் ஒலி எழும் வளைவு, அடங்கும் வளைவு என்று ஒரு சின்ன அட்டவணைக் கோப்பு இருக்கிறது. அது ஒலிப்பானின் சொந்தப் பொருள். எந்தத் திட்டத்துக்குப் போனாலும் கூடவே போக வேண்டும். அதை ஒலிப்பானின் அடைவிலேயே வைத்து, வெறும் பெயரால் மட்டும் கூப்பிடுகிறேன். அதற்கு ப்யூர் டேட்டாவின் விதி மிகவும் வசதி. ஒரு பெட்டிக்குள் இரண்டு வகைக் கோப்புகள் புழங்குகின்றன: தன்னுடையது, தனக்குக் கொடுக்கப்பட்டது. என் குழப்பம் முழுவதும் இரண்டாவது வகையை முதல் வகை போல நடத்தியதில் இருந்தது.

முகப்புச் சுவரில் ஆத்தங்குடிக் கல் வடிவங்களைப் படமாக ஓட்டும் வேலையை நண்பர் ஒருவர் டச்டிசைனர் என்ற காட்சி மென்பொருளில் செய்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் ஊர் வழக்கம் நேர் எதிர். அங்கே முழுப் பாதையாக எழுதாத சார்புப் பாதை எல்லாம் வழக்கமாக வெளியே உள்ள திட்டக் கோப்பின் அடைவிலிருந்து பார்க்கப்படும், எவ்வளவு உள்ளே இருந்தாலும். அதனால் ஒரு உறுப்பைத் தனிக் கோப்பாகச் சேமித்து வேறு திட்டத்துக்குக் கொண்டுபோனால், அதன் சொந்தப் படங்கள் கிடைக்காது. அதற்காகவே ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்: உள்ளே உள்ள பாதைகளைத் திட்டக் கோப்பிலிருந்து பார்ப்பதா, உறுப்பின் சொந்தக் கோப்பிலிருந்து பார்ப்பதா, மேலே இருப்பவர் செய்வதையே செய்வதா. அங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. வெளிக்கோப்பாக வைத்த உறுப்பின் காப்பு நகலைத் திட்டக் கோப்புக்குள்ளும் சேமித்துவைக்கும் வசதி இருக்கிறது. வெளிக்கோப்பு காணாமல் போனாலும் அந்த நகல் ஓடும். என் ‘சோதனை’ அடைவு செய்த வேலையைத்தான் அதுவும் செய்யக்கூடும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அவர் அன்றே தன் திட்டத்தில் ஒவ்வொரு வெளிக்கோப்பின் பெயரையும் மாற்றிவைத்து, பிழை வருகிறதா என்று சோதித்தார்.

பைக்கு மாற்றியபோது மூன்று ஒலிகள் வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவி கோப்பின் பின்னொட்டை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பட்டியலில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்கினேன். பின்சாய்கோடு எங்கும் இல்லை என்றும் பார்த்துக்கொண்டேன். விண்டோஸிலும் ப்யூர் டேட்டாவுக்கு முன்சாய்கோடுதான் எழுத வேண்டும்.

பையில் திரை கிடையாது. மின்சாரம் வந்ததும், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழியாக ப்யூர் டேட்டா சாளரமில்லாமல் எழுகிறது. அங்கே ‘வீடு’ பேட்சின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சேவை எழும்போது அது நிற்கும் அடைவு நம் அடைவு அல்ல. முழுப் பாதை எழுதியிருக்கும் ஒரே இடம் அதுதான். பிழை வரிகள் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலுக்குப் போகின்றன; வெளியிலிருந்து கைபேசியிலேயே படிக்கலாம்.

மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி ஆறு முறை எழுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 23 கோப்பும் ஏறின. அப்புறம் மொத்த அடைவையும் வேறு பெயரில், வேறு இடத்தில் வைத்து, சிஸ்டம்டியில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுப்பினேன். 23.

மாலை ஆச்சி மூன்றாங்கட்டு வாசலில் நின்று கேட்டார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அந்த ‘டக்’ வரும்போது அவர் விரல் கதவு நிலையில் தட்டியது.

“இது நம்மது,” என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “உலக்கைச் சத்தம் ரொம்பக் கிட்டக்க கேக்குதுப்பா. அது பின்கட்டுல குத்துறது, இங்க வரும்போது அவ்வளவு வராது” என்றார்.

அந்த ஒலிபெருக்கியைத் தோட்டத்துக் கதவோரம் மாற்ற இருபது அடி கம்பி வேண்டும். நாளை காரைக்குடியிலிருந்து வாங்கி வர வேண்டும்.